பிளக் மரை போன ஆர்எக்ஸ் 100 ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டாம்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கப் போகிறவர்கள் சைலன்சர் சத்தத்தைக் கேட்பார்கள், என்ஜின் நம்பரைச் சரிபார்ப்பார்கள், டேங்குக்குள் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்த 14 மில்லிமீட்டர் துளையைப் பார்த்தாலே போதும், வண்டி இதுவரை எப்படிப்பட்ட கைகளில் இருந்தது என்று தெரிந்துவிடும். சித்தப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த 1994 மாடல் வண்டியில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவர் வெளியூரில் இருந்த காலத்தில் வண்டி பல பட்டறைகளைப் பார்த்திருக்கிறது. என்னிடம் வந்தபோது ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் மேட்டில் ஏறும்போது இழுவை இருக்காது. பிளக்கைச் சுற்றி ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், எண்ணெயும் கரியும் கலந்த ஒரு கறுப்பு வளையம். துடைத்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வந்தால் மறுபடி அதே வளையம். சோப்புத் தண்ணீரைப் பிளக்கின் அடியில் விட்டு, இக்னிஷனை அணைத்தபடி கிக்கரை மெதுவாக அழுத்தினேன். வாஷரைச் சுற்றி நுரை பொங்கியது. கம்ப்ரஷன் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிளக் ஸ்பேனரைப் போட்டு இறுக்கிப் பார்த்தால், ஓர் இடத்தில் பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை. கொஞ்சம் இறுகுவது மாதிரி வந்து, பிறகு மெத்தென்று நழுவியது. அதற்கு மேல் இறுக்காமல், என்ஜின் முழுக்க ஆறியபின் திருப்பிக் கழற்றினேன். பிளக்கோடு சேர்ந்து பளபளவென்று ஒரு கம்பிச் சுருள் வெளியே வந்தது. ஹெட்டின் மரைதான் அது. அலுமினியம் உரிந்து, பிளக்கின் மரைப் பள்ளங்களுக்குள் மூன்று சுற்று உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் வெள்ளையாக டெஃப்லான் டேப்பின் மிச்சம். வாஷர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பிளக்கின் கீழ்ப்பாதி மரை முழுக்க இறுகிய கரி.

இந்த நான்கும் சேர்ந்து நடந்ததைச் சொல்லிவிட்டன. யாரோ இந்த ஹெட்டுக்கு நீளப் பிளக்கைப் போட்டிருக்கிறார்கள்.

ஆர்எக்ஸ் 100 ஹெட்டுக்கு வேண்டியது 12.7 மில்லிமீட்டர் ரீச் (மரைப் பகுதியின் நீளம்) உள்ள குட்டைப் பிளக். 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 பிட்ச் (ஒரு மரைச் சுற்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்). பல நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வருவது 19 மில்லிமீட்டர் ரீச். விட்டமும் பிட்ச்சும் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே துளையில் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் குறைக்கத்தான் இரண்டு வாஷர். நீட்டிய மரையில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய்க் கரி சுட்டு இறுகிவிடும். அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கரி மொத்தமும் அலுமினிய மரையை அரம் போல அறுத்துக்கொண்டுதான் மேலே வரும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நீள ரீச் கேட்கும் ஹெட்டில் குட்டைப் பிளக்கைப் போட்டால் ஹெட்டின் கீழ் மரை வெறுமையாகக் கிடந்து கரி அடைத்துக்கொள்ளும். பின்னால் சரியான பிளக்கைப் போடும்போது பாதியில் நிற்கும். பலத்தைக் கொடுத்து இறுக்கினால் அங்கேயும் மரை போகும். என்ஜிகே பிளக் வாங்கும்போது எண்ணுக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள்: ஹெச் என்றால் 12.7, ஈ என்றால் 19. கடைக்காரர் "அதே பிளக்தான் சார்" என்று கொடுத்தாலும் பழையதைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வாங்குவது நல்லது. அதுவும் பழையதே சரியான பிளக்தானா என்று தெரிந்த பிறகு.

பத்துச் சுற்று மரை. 12.7ஐ 1.25ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வருகிறது. அதில் மூன்று என் கையில் சுருளாக இருந்தது. எரியறையில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் என்று வைத்தாலே பிளக்கை மேலே தள்ளும் விசை 60 கிலோ. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும், 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு தடவை. எஞ்சிய மரை எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் பிளக் தெறித்துப் போய்விடும், சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் காலுக்குப் பக்கத்தில்.

பிடித்து வைத்திருப்பது மட்டும் மரையின் வேலை அல்ல. பிளக்கின் சூடு வெளியேறும் பாதையும் அதுதான். பீங்கானின் சூடு பிளக்கின் உடம்புக்கு வந்து, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து ஃபின்கள் என்கிற குளிர்விக்கும் தகடுகளுக்குப் போய்க் காற்றில் கலக்க வேண்டும். ஏர்கூல்டு என்ஜினுக்குத் தண்ணீர்த் துணை கிடையாது. மரை தளர்ந்தால் பிளக் சூடேறும். சூடேறிய பிளக் ஸ்பார்க் வருமுன்பே கலவையைப் பற்றவைக்கும். அது தொடர்ந்தால் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ஓட்டை விழும். டெஃப்லான் டேப்பைச் சுற்றுவது ஏன் கூடாது என்பதற்கும் இதுவே பதில். டேப் சூட்டையும் தடுக்கும், பிளக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எர்த்தையும் கெடுக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சாமானை எரியறையில் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எம்-சீல் வைத்து அடைத்த ஹெட்டையும் பார்த்திருக்கிறேன்.

"புது ஹெட் போட்டுருங்க, வேலை முடிஞ்சுது" என்றுதான் கேட்ட இடங்களில் எல்லாம் சொன்னார்கள். 1985 முதல் 1996 வரைதான் இந்த வண்டி இங்கே தயாரானது. வண்டியோடு வந்த ஹெட் ஒன்றுதான். டூப்ளிகேட் ஹெட் கிடைக்கும். ஆனால் அதன் வார்ப்பும், ஃபின்னின் கனமும், எரியறையின் வடிவமும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. என் ஹெட்டில் ஒரு ஃபின் கூட உடையவில்லை. மரை ஒன்று போனதற்காக அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

மரை வேலையில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு ரிப்பேரும் ஹெட்டிலிருந்து கொஞ்சம் அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்றது திரும்பி வராது. அதனால் எது குறைவாகத் தின்னுமோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேல் மரை லேசாக நசுங்கியிருந்தால் சுத்தம் செய்யும் டேப் (மரை வெட்டும் கருவி, சுற்றும் டேப் அல்ல) போதும். மரை போயிருந்தாலும் துளை நேராக இருந்தால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள். துளையே கோணியிருந்தால் லேத்தில் புஷ், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய உலோகக் குழல். புஷ்ஷும் போடுவதற்கு இடமில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது என்றால்தான் ஆர்கான் வெல்டிங். வெல்டிங்கில் ஹெட் முழுக்கச் சூடேறி நெளியும், முகத்தை மறுபடி தேய்க்க வேண்டும், தேய்த்தால் கம்ப்ரஷன் மாறும். முதல் வேலையாகவே வெல்டிங் என்று சொல்லும் பட்டறையில் ஹெட்டைத் தராதீர்கள்.

இதில் எதைச் செய்வதானாலும் ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் ஹெட்டைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாலே நட்டு. கழற்ற அரைமணி நேரம்கூட ஆகாது. டேப்பில் கிரீஸ் தடவினால் துகள் ஒட்டிக்கொள்ளும், ஹெட்டைக் கழற்றாமலேயே செய்யலாம் என்பார்கள். நாலு ஸ்ட்ரோக்கில் அதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. விழுந்த துகள் பிஸ்டன் மேல் கிடக்கும், எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து வைத்துக் காற்றடித்து ஊதிவிடலாம். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலேயே டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் இருக்கின்றன. துகள் அதன் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கினால் கிராங்க் பேரிங்கிலும் கனெக்டிங் ராடு பேரிங்கிலும் போய் உட்காரும். நூறு ரூபாய் வேலையைச் சுருக்கப் போய் கிராங்க் வேலையை இழுத்துக்கொள்வதா?

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு ஹெட்டை எடுத்துப் போனேன். பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து பழகிய கை. வயசான அண்ணன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹெலிகாயில் போட்டால் போதுமா என்று கேட்டேன். அவர் ஒரு புதுப் பிளக்கை மிச்சமிருந்த மரையில் கையாலேயே மெதுவாக ஏற்றி, வாஷர் ஹெட்டைத் தொடும் இடத்தைக் காட்டினார். ஒரு பக்கம் வாஷர் உட்கார்ந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நகக்கண் அளவு இடைவெளி.

"பாருங்க தம்பி, இதுல முன்னாடியே யாரோ கையில டேப்பு புடிச்சுக் கோணலா உட்டிருக்காங்க. ஹெலிகாயில் டேப்பு பழைய ஓட்டையப் புடிச்சுத்தான் போகும். கோணல் கோணலாவேதான் நிக்கும்."

இது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. பிளக்குக்கு வரும் ஹெலிகாயில் செட்டில் அந்த டேப் இரண்டு கட்டமாக இருக்கும். முன்பகுதி பழைய 14 மில்லிமீட்டர் மரையைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு போகும், பின்பகுதி பெரிய மரையை வெட்டிக்கொண்டு வரும். நேரான துளைக்கு அது அருமையான ஏற்பாடு. அனுபவமில்லாத கைக்கும் கோணாமல் போகும். ஆனால் துளையே கோணல் என்றால் அந்த வழிகாட்டியே தப்பான வழியைக் காட்டும். புதுப் பிளக்கைக் கையால் ஏற்றி வாஷர் சுற்றிலும் சமமாக உட்காருகிறதா என்று பார்ப்பது காசில்லாத பரிசோதனை. கிட் வாங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

உங்கள் துளை நேராக இருந்து ஹெலிகாயிலே போதும் என்றால், சில விஷயங்களைக் கவனியுங்கள். அலுமினியத்தில் டேப் போட மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்யும். முக்கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று துகளை உடைத்துக்கொண்டே போக வேண்டும். சுருளை மேல்முகத்திலிருந்து அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை உள்ளே இறக்க வேண்டும், அடியில் எரியறைக்குள் நீட்டக் கூடாது. சுருளின் நுனியில் குறுக்காக ஒரு வால் இருக்கும், அதை மூக்குப் பிளையரால் உடைத்து எடுத்துவிட வேண்டும். எடுத்த வால் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஹெட்டை மாட்ட வேண்டும்.

என் ஹெட்டுக்கு புஷ் என்று முடிவானது. எந்த உலோகத்தில் என்பதில் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியாக இருக்குமே என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். உறுதிதான், ஆனால் சூட்டைக் கடத்துவதில் ஸ்டெயின்லெஸ் மிக மோசம். பித்தளை அதைவிட ஆறேழு மடங்கு நன்றாகக் கடத்தும். விரிவிலும் பித்தளைதான் அலுமினியத்துக்குப் பக்கத்து ஆள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 மில்லிமீட்டர் விட்டத்தில் 150 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு புஷ்ஷுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சுமார் 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். பித்தளை என்றால் 0.01 தான். தவிர, பிளக்கின் இரும்பு மரை பித்தளையில் கடித்துக்கொண்டு நிற்காது. பித்தளை என்று முடிந்தது.

அடுத்து நடந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹெட்டின் கீழ்முகத்தை அடிப்படையாக வைக்காமல், பிளக் வாஷர் உட்காரும் முகத்தை டயல் கேஜ் வைத்து, முள் ஆடாத வரைக்கும் தட்டித் தட்டிச் சரிசெய்தார். அதற்கே அதிக நேரம் போனது. அந்த முகம்தான் ஆலையில் மரையோடு சேர்த்துக் கடைந்த முகம். மரை எந்தத் திசையில் இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. பிறகு துளையை போரிங் டூலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரையை லேத்திலேயே வெட்டினார். மேலே புஷ்ஷின் விளிம்பு அமர ஒரு படி கடைந்தார். அந்தப் படியின் ஆழமும் விளிம்பின் கனமும் ஒன்றாக இருந்தால்தான் பிளக் முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். விளிம்பு மேலே துருத்தினால் பிளக் உயர்ந்து, அதன் வாய் எரியறைக்குள் எட்டாமல் போகும்.

வெளியே 18, உள்ளே 14. இரு பக்க மரைப் பள்ளத்தையும் கழித்தால் புஷ்ஷின் சுவரில் மிஞ்சுவது 1 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதனால் உள் மரையை முழுதாக வெட்டி முடித்த பிறகே வெளி மரையை வெட்டினார். மாற்றிச் செய்தால் சுவர் நசுங்கும் என்றார்.

மாட்டும் முறை இன்னும் அழகு. ஹெட்டை ஹாட் பிளேட்டில் வைத்து 150 டிகிரி வரை சூடேற்றினார். 18 மில்லிமீட்டர் துளை அந்தச் சூட்டில் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். ஆறிய புஷ்ஷைச் சட்டென்று உள்ளே சுழற்றி விளிம்பு உட்காரும்வரை இறுக்கினார். ஹெட் ஆற ஆற புஷ்ஷைக் கவ்விக்கொண்டது. எரியறைப் பக்கம் ஒரு துளி நீட்டியதைக் கடைந்து கூரையோடு சமமாக்கினார். நீட்டிய உலோக முனை சூட்டில் சிவந்து தானே பற்றவைக்கும் என்பதால் இது விடக்கூடாத வேலை. கடைசியாகப் புஷ்ஷும் அலுமினியமும் சேரும் கோட்டில் எதிரெதிராக இரண்டு பஞ்ச் குத்தி அடைத்தார். சில இடங்களில் பசை மட்டும் தடவி விட்டுவிடுகிறார்கள். பிளக் உட்காரும் இடத்துச் சூட்டில் வெறும் பசையை நான் நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்டைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, கீழ்முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பர் விரித்து எட்டு வடிவில் லேசாகத் தேய்த்தேன். சாம்பல் நிறம் எங்கும் ஒரே மாதிரி வந்ததும் நிறுத்திவிட்டேன். ஹெட் கேஸ்கட் புதியது. நாலு நட்டையும் குறுக்கு நெடுக்காக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக இறுக்கினேன்.

பிளக்கை ஏற்றுவதற்கு நான் ஸ்பேனரை முதலில் தொடுவதே இல்லை. ஒரு சாண் பெட்ரோல் டியூபைப் பிளக்கின் மேல்முனையில் செருகி, டியூபைப் பிடித்துச் சுழற்றினால் மரை தானாக வழி தேடிக்கொள்ளும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கும், பிளக் சுற்றாது. மரைக்கு ஒன்றும் ஆகாது. ஏற்றுமுன் ஒரு தடவை இடப்பக்கம் சுற்றினால் மரையின் வாய் "டிக்" என்று விழும், அங்கிருந்து வலப்பக்கம். கையால் முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். புது வாஷர் என்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. ஏற்கெனவே நசுங்கிய பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும், கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி. டார்க் ரெஞ்ச் இருப்பவர்களுக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவாதீர்கள். தடவினால் அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகி மரையை இழுக்கும். தடவியே ஆக வேண்டும் என்றால் டார்க்கை 30 சதவீதம் குறைக்க வேண்டும்.

கழற்றுவது எப்போதும் என்ஜின் ஆறிய பிறகு. அதற்கு முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைக் காற்றடித்து அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண்தான் மரைக்குள் இறங்கும். இறுகி நின்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடி கழற்றி என்று கரியை உடைத்துக்கொண்டே வெளியே கொண்டுவர வேண்டும். ஒரே இழுப்பில் கழற்றினால்தான் அந்தப் பளபளச் சுருள் கையோடு வரும்.

புஷ் போட்ட ஹெட்டில் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பது ரொம்ப முக்கியம், சூட்டுப் பாதை மாறியிருக்கிறது அல்லவா. நீண்ட மேட்டில் ஏற்றி, அதே வேகத்தில் என்ஜினை அணைத்து, ஓரங்கட்டி, ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் வெளிறியிருந்தால் பிளக் சூடேறுகிறது என்று அர்த்தம். கார்பரேட்டர் சரியாக இருந்தும் அப்படி என்றால் ஒரு படி குளிர்ந்த பிளக் போட வேண்டும். என்ஜிகேயில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக், பாஷில் எண் கூடக் கூடச் சூடான பிளக். இதைக் குழப்பிக்கொண்டால் விளைவு நேர்மாறாகும். என் பிளக் இளம் பழுப்பில் இருந்தது. அதனால் பழைய எண்ணையே வைத்துக்கொண்டேன். கறுப்பு வளையம் போய்விட்டது. மருதமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்கிறது.

புல்லட்காரர்களுக்கும் இது பொருந்தும். காஸ்ட் அயர்ன் என்ஜின் என்று பெயர் இருப்பதால் மரை போகாது என்று நினைக்க வேண்டாம். வார்ப்பிரும்பாக இருப்பது சிலிண்டர். பிளக் ஏறும் ஹெட் அலுமினியம்தான்.

புஷ் போட்ட ஹெட் வைத்திருப்பவர்கள், விளிம்பிலிருந்து ஹெட் வரை ஊசியால் ஒரு கோடு கீறி வையுங்கள். பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கோடு ஒரே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் பிளக்கோடு சேர்ந்து புஷ்ஷும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அப்போது பிளக்கை மறுபடி இறுக்கிச் சமாளிக்காமல், ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள்.